கண்ணில் ஒற்றாத உதை

எலப்புள்ளியில் மோகனசுந்தரம் வீடு எது என்று கேட்டால், எந்த மோகனசுந்தரம் என்று திருப்பிக் கேட்பார்கள். பிளாக்பெல்ட் மோகன் என்று கேட்டால் பால் சொசைட்டிக்கு எதிரே கை காட்டிவிடுவார்கள். அந்தப் பெயரில் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. அவர் வாங்கியது பிரவுன் பெல்ட் வரைக்கும்தான். கறுப்புப் பெல்ட்டைப் படக் கம்பெனிக்காரர்கள் போஸ்டர் அச்சடிக்கும்போது தாங்களாகவே கொடுத்துவிட்டார்கள். இவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்?

நான் ஆனந்தகுமார். மோகண்ணனும் நானும் கஞ்சிக்கோட்டில் ஒரே இரும்பு உருக்காலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தோம். அதற்கு முன்னால், எண்பத்தொன்பதிலிருந்து தொண்ணூற்று மூன்று வரைக்கும், அவர் ஐந்து கராத்தே படங்களில் கதாநாயகன். படங்களின் பெயரை இங்கே எழுதினால் மனுஷன் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டார் என்பதால் விட்டுவிடுகிறேன். முதல் ரீலில் தங்கை சாவாள், கடைசி ரீலில் வில்லன் சாவான், நடுவில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு ரீலும் சண்டை. மலையாளத்தில் எடுத்து, தமிழிலும் தெலுங்கிலும் பேசவைத்து, காலைக் காட்சிக்கு ஓட்டுவார்கள். கதை எழுதியவருக்கு மொத்தம் ஒரு தாள்தான் செலவாகியிருக்கும்.

பிறகு அந்த மாதிரிப் படங்களைப் பார்க்க ஆள் இல்லாமல் போனது. அவரும் பேசாமல் ஆலையில் சேர்ந்து, உலையில் வெந்த இரும்போடு வெந்து, ஓய்வு பெற்று, இப்போது இரண்டு ஏக்கர் வயலும் தென்னையுமாக இருக்கிறார். வலது முழங்கால் மடங்காது. பாலக்காடு தியேட்டர் ஒன்றில் அவருக்கு வைத்த ஒட்டுப்பலகைக் கட்-அவுட்டின் கீழ்ப்பாதி, அதாவது தூக்கிய காலும் பெல்ட்டும், வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாகிவிட்டது. அவர் மனைவி ஜானகியம்மாள் தினமும் சாயங்காலம் புருஷன் காலைப் பிடித்து இழுத்துத்தான் கோழிகளை அடைக்கிறார்.

அவர் நடிகராக நிலைக்காததற்கு ஊரில் பல காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. யார்மேலாவது கால் பட்டுவிட்டால் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அந்தப் பழக்கம் அவருக்கு அளவுக்கு மீறி ஊறிப்போயிருந்தது. பஸ்ஸில் பக்கத்து ஆளின் பையில் கால் பட்டாலும் பையைத் தொட்டு ஒற்றிக்கொள்வார். வீட்டில் அவர் அம்மா அப்படி வளர்த்துவிட்டார். அப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் ஆளை உதைக்கும் வேலைக்கு வைத்தால் என்ன ஆகும்?

ஓங்கி ஒரு உதை விடுவார். அடியாள் பறந்துபோய் விழுவான். டைரக்டர் கட் சொல்வதற்குள் இவர் கை கீழே விழுந்தவனைத் தொட்டுக் கண்ணுக்குப் போய்விடும். வில்லனின் ஆட்களைக் கொத்துக் கொத்தாக வீழ்த்தவேண்டிய வீரன், ஒவ்வொருவனிடமும் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். ஃபிலிம் வீணாகிக்கொண்டே போகும். திட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், கையில் கம்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். கம்பைக் கீழே வைத்துவிட்டு ஒற்றிக்கொண்டார். எடிட்டர் முடிந்த மட்டும் வெட்டியும், ஐந்து படத்திலும் சேர்த்து ஒன்பது இடங்களில் அந்தக் கை தப்பித்து வந்துவிட்டது.

போன சித்திரையில் யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஒன்பதையும் பொறுக்கியெடுத்து, பின்னால் நாதஸ்வரம் சேர்த்து, மன்னிப்பு மாஸ்டர் என்று பெயர் வைத்து யூடியூபில் போட்டுவிட்டான். நாற்பது நொடி. உதை, ஒற்றல், உதை, ஒற்றல் என்று ஓடி, கடைசியில் பத்தாவதாக ஒரு ஆள் வருகிறான். ஏலக்காய் எஸ்டேட் களம். இவர் உதைக்கிறார், அவன் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறான். இவர் கல்லாக நிற்கிறார். குனியவே இல்லை. திரையில் எழுத்து வருகிறது: இவனுக்கு மட்டும் கிடையாது.

நான்தான் முதலில் பார்த்துவிட்டு அவரிடம் காட்டினேன். அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கடைசி ஆள் வந்ததும் சிரிப்பு நின்றது. வயசாகிவிட்டதே, கீழே இருப்பதைப் படிக்காமல் விடுவேனா? கருத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். ஜிபி என்று ஒருவர் எழுதியிருந்தார். கடைசியில் விழுவது என் அப்பா, சாந்தன்பாறைக்காரர், நெஞ்செலும்பு ஒடிந்து மூன்று மாசம் படுத்திருந்தார் என்று இருந்தது. அதற்குக் கீழே ஐநூறு பேர் சிரித்திருந்தார்கள். படித்து முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதைச் சத்தமாகப் படித்திருக்கக் கூடாது.

எட்டு நாள் அவர் டீக்கடைப் பக்கமே வரவில்லை. வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறார், தேங்காய் பொறுக்குகிறார், யாரோடும் பேச்சில்லை என்று ஜானகியம்மாள் சொன்னார். ஒன்பதாம் நாள் விடியும் முன்னே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஆனந்து, சாந்தன்பாற வரைக்கும் போயிட்டு வரோணும். வண்டிய எடுக்கறயா?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த ஜிபிக்கு எழுதி நம்பர் வாங்கினேன். பூப்பாறையில் ஜீப் ஓட்டுகிறவர், நல்ல பிள்ளை. அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கும், கட்டாயம் வாருங்கள் என்றார். கொஞ்சம் நிறுத்தி, அம்மாவும் இருப்பாங்க என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

என் பழைய காரில் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று ஏறினோம். மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததை மறையூர் தாண்டித்தான் சொன்னார். சாந்தன்பாறையில் எடுத்தது அவருடைய நாலாவது படம். கம்பெனியிடம் ஃபிலிம் தீர்ந்துகொண்டிருந்தது. காலையிலேயே டைரக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, இன்றைக்கு ஒருதரம் குனிந்தாலும் படத்தை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அடியாட்களாக எஸ்டேட் வேலையாட்களையே கூலிக்குப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். கால் வரும்போது ஒரு அடி பின்னால் போகவேண்டும், சத்தம் பிறகு சேர்ப்பார்கள், அவ்வளவுதான் பாடம். அந்த ஒரு ஆள் மட்டும் பின்னால் போகவில்லை. உதை நெஞ்சில் இறங்கிவிட்டது. டைரக்டர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இவர் அசையாமல் நின்றார். கட் சொன்னதுமே ஆட்கள் அவனைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலமே யூனிட் மூட்டை கட்டிவிட்டது.

இதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. டைரக்டர் சொன்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க என்று சமாதானம் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அந்த டைரக்டரை நான் ஒருவனே திட்டிக்கொண்டு வந்தேன்.

சாந்தன்பாறை சேரும்போது மணி இரண்டு. மெயின் ரோட்டில் காரை நிறுத்திவிட்டு, மண்ணில் வெட்டிய படிகளில் ஏறவேண்டும். எங்களைப் பார்த்ததும், எஸ்டேட் வேலையாட்களின் வரிசை வீடுகளான லயத்தின் வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். "மிதிச்சவரு வந்துட்டாரு" என்று ஒரு அம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். பொன்னாடை ஒன்றுதான் குறைச்சல்.

ஜிபியின் அப்பா சுவக்கீன் இஸ்திரி போட்ட சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார். ஒல்லியான மனிதர். முகமெல்லாம் சிரிப்பு. மோகண்ணன் வாய் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். முப்பத்தைந்து வருஷமாக அந்த லயத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த உதையைச் சொல்லியிருக்கிறார். வீடியோ கேசட்டில் பார்த்து, சிடியில் பார்த்து, இப்போது போனில் பார்க்கிறார். காரணம் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். மற்ற அடியாட்களை உதைத்த பிறகு மோகண்ணன் குனிந்துவிட்டதால், விழுந்தவன் முகத்தை இவர் முதுகு மறைத்துவிட்டது. இவர் குனியாத ஒரே ஆள் சுவக்கீன்.

"பன்னெண்டு எண்ணுத வரைக்கும் எம் மூஞ்சி நிக்கும், சார். அந்தப் படத்துல அடி வாங்குனவன்ல மூஞ்சி தெரியுதது நா ஒருத்தந்தான்" என்றார் சுவக்கீன்.

பெருமை வழிய அவர் சொன்னதைக் கேட்டு எனக்குப் பாரம் இறங்கியது. இதற்கா இந்த மனுஷன் எட்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார்? மோகண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. காலை நீட்டி வைத்து, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, முடிந்த மட்டும் சாய்ந்து, சுவக்கீனின் நெஞ்சைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

சுவக்கீன் பதறிப்போய் எழுந்துவிட்டார். தப்பு உங்கள்மேல் இல்லை சார் என்று ஆரம்பித்து, நாங்கள் அறியாத ஒன்றைச் சொன்னார். அன்றைக்கு அவருக்குப் பின்னால் களத்தில் சாக்கை விரித்து, கழுவின பச்சை ஏலக்காயைத் தண்ணீர் வடியப் பரப்பியிருந்தது. பார்க்க அழகாக இருக்கிறது என்று கேமராக்காரர் அதை அள்ளவிடவில்லை. பின்னால் போ என்றார்கள். இவரும் போனார். குதிகாலில் சாக்கின் விளிம்பு தட்டியது. இன்னும் ஒரு அடி வைத்தால் காய்மேல் மிதிக்கவேண்டும். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன் காயை மிதிப்பானா? நின்றுவிட்டார். எலும்பு ஒடிந்து விழும்போதுகூட, பின்னால் விழுந்தால் காய் நசுங்கும் என்று பக்கவாட்டில் சாய்ந்து விழுந்திருக்கிறார். இதை ஏதோ ஸ்டைல் என்று நினைத்து நான் நாற்பது தடவை பார்த்திருக்கிறேன்.

அப்போது அவர் மனைவி கத்தரீனாள் பால் விடாத கட்டங்காப்பி கொண்டுவந்தார். தம்ளர்களை ஒவ்வொன்றாக இடது கையால் வைத்தார். வந்ததிலிருந்து அந்த அம்மா எங்களை வாங்க என்று கேட்டதோடு சரி. தட்டைச் சுவரில் இருந்த பலகைமேல் வைக்கப் போனபோது பார்த்தேன். வலது கை தோளுக்கு மேலே எழவில்லை.

"காய்க்கு ஒண்ணும் ஆகல. அது நல்ல வெலைக்குப் போச்சு" என்றார் கத்தரீனாள். சத்தமே உயர்த்தவில்லை. அன்றைக்கு ஜிபி கைப்பிள்ளை. புருஷன் படுத்துவிட்டார். அந்தப் பருவம் முழுக்க அவருடைய காய்ச் சாக்கையும் தன் சாக்கையும் இவர் ஒருத்தியே களத்துக்குச் சுமந்தார். தோள் இறங்கியதைப் பருவம் முடியும்வரை யாரிடமும் சொல்லவில்லை. சுவக்கீனின் எலும்பு மூன்று மாசத்தில் கூடிவிட்டது. இந்தக் கை கூடவில்லை. இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. லயத்தில் இத்தனை வீடு இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

சுவக்கீன் தலையைக் குனிந்துகொண்டார். பன்னிரண்டு எண்ணும் வரை நிற்கிற முகத்தை அந்த வீட்டில் இத்தனை வருஷமாக எத்தனை தடவை ஓடவிட்டிருப்பார், இந்த அம்மா எத்தனை தடவை அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்தபோது எனக்கே கூசியது.

பிறகு கத்தரீனாள் மோகண்ணனைப் பார்த்து ஒன்று கேட்டார். "நா இத்தன வருசமா கேக்கணும்னு இருந்தது இதான். எல்லாத்துக்கும் குனிஞ்சீக. இவருக்கு மட்டும் ஏன் குனியல?"

டைரக்டர் கதையைச் சொல்லவேண்டிய இடம் இதுதான். கூடவே சுவக்கீனே காய் கதையைக் கொடுத்துவிட்டார். இரண்டையும் சேர்த்தால் மோகண்ணன்மேல் தூசி ஒட்டாது. சொல்லுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"டைரக்டர் குனியாதன்னு சொன்னது நெசந்தானுங்க. ஆனா அதுக்காவ நிக்கலீங்க. என்ற காலுக்கு எலும்பு ஒடிஞ்சது தெரிஞ்சுதுங்க. செருப்பில்லாத காலு, நல்லாத் தெரிஞ்சுது. கையும் போகத்தான் பாத்துது. நாந்தான் புடிச்சு வச்சேன். மொதத் தடவயா ஷாட்டு நல்லா வந்துருச்சேன்னு ஒரு ஆசைங்க. கெடுத்துப்போட வேண்டாமின்னு நின்னேன்."

இருபத்தாறு வருஷம் பக்கத்து மெஷினில் நின்ற எனக்குத் தெரியாத விஷயம். காரில் வரும்போதுகூட இவர் சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வழியெல்லாம் ஒரு டைரக்டரை வீணாகத் திட்டவைத்தாரே என்று. அப்புறம் அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மோகண்ணன் கத்தரீனாள் பக்கம் திரும்பி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தார். அந்த அம்மா இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

"எனக்கு வேண்டாம் சார். அன்னைக்கு யோசிக்காம வந்ததப் புடிச்சு நிறுத்திட்டீக. இப்ப யோசிச்சு யோசிச்சுக் குனியுறத வாங்கி நா என்ன செய்ய?"

உண்மையைச் சொன்னதற்கு அந்த அம்மா கோபித்துக்கொள்ளவும் இல்லை, மெச்சிக்கொள்ளவும் இல்லை. காப்பி ஆறுது, குடிங்க என்றார். குடித்தோம். சுவக்கீன் பேச்சை மாற்றி, வண்டன்மேட்டு ஏலத்தில் காய் என்ன விலைக்குப் போகிறது, எலப்புள்ளியில் நெல்லுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று ஏதேதோ கேட்டார். நான் ஏதேதோ சொன்னேன். மோகண்ணன் வெறும் தம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்திரண்டு வயசு ஆள், பள்ளிக்கூடத்தில் ஃபெயிலான பிள்ளை மாதிரி இருந்தார்.

நாலு மணிக்கு மேகம் இறங்கியது. மழைக்கு முன்னால், மலையைக் குடைந்து போகும் கேப் ரோட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று நான் எழுந்தேன். ஏறி வந்த படிகளில் நேற்றைய மழை பாதியைக் கரைத்திருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே இன்னொரு வழி இருக்கிறது, காட்டிவிட்டு வா என்று சுவக்கீன் மனைவியிடம் சொன்னார். அவருக்கு இறங்கினால் ஏற மூச்சு வாங்கும். விடைபெறும்போது மோகண்ணன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜிபியின் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள முடியாமல் போயிற்றே, அவன் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓட்டம் போயிருக்கிறான் என்று வருத்தப்பட்டார்.

கத்தரீனாள் முன்னால் நடந்தார், அடுத்து மோகண்ணன், கடைசியில் நான். சரிவு செங்குத்தாக இருந்த இடங்களில் அந்த அம்மா நின்று திரும்பி, இங்கே வையுங்கள், அங்கே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். பேச்சு அவ்வளவுதான். ரோடும் காரும் தெரிந்துவிட்டன. இன்னும் ஏழெட்டுப் படிகள்.

பாசி பிடித்த கல் ஒன்றில் மோகண்ணனின் மடங்காத கால் வழுக்கியது. வழுக்கின கால் விறைத்து முன்னால் பாய்ந்து, கத்தரீனாளின் கெண்டைக்காலில் பட்டென்று அடித்தது. வலது பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் காப்பிக் கிளை இருந்தது. அதைப் பிடித்திருந்தால் அவர் நின்றிருப்பார். நான் அண்ணா என்று கூப்பிடுவதற்குள், கிளையைப் பிடிக்க வேண்டிய அந்தக் கை கீழே போய் அந்த அம்மாவின் காலைத் தொட்டு, நேராகத் தன் கண்ணுக்குப் போய்விட்டது. பிடிமானம் இல்லாமல் மனுஷன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகும் கை கண்ணில்தான் இருந்தது. தான் என்ன செய்தோம் என்று அவருக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை.

கத்தரீனாள் திரும்பிக் கீழே பார்த்தார். அவர் முகத்தை, அந்தக் கையை, சேற்றை, பிடிக்காமல் விட்ட கிளையை எல்லாம் ஒருதரம் பார்த்தார். பிறகு சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக, வாய்விட்டு.

"ஐயோ, உங்களுக்குப் பலமாப் பட்டுருச்சுங்களா?" என்று உட்கார்ந்தபடியே கேட்டார் மோகண்ணன்.

"பட்டுச்சு" என்றார் அந்த அம்மா. குனிந்து இடது கையை நீட்டினார். "இத நா வாங்கிக்கிடுதேன் சார். எந்திரிங்க."

அவர் அந்தக் கையைப் பிடித்து எழுந்தார். கண் கலங்கியிருந்ததை மறைக்கக்கூட இல்லை. முதல் தூறல் விழுந்தது. மழை வந்துட்டு, பாத்து நடங்க என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா அவர் கையை விடாமல் கார்வரைக்கும் கூட வந்தார்.